மலத்தில் மறைந்த ரத்தம் – ஒரு சோதனையின் 160 ஆண்டுக் கதை

பிரான்ஸ் நாட்டில் வசிக்கும் ஒருவருக்கு 50 வயது ஆனதும் அரசிடமிருந்து ஒரு கடிதம் வரும். பெருங்குடல் புற்றுநோய்க்கான மலப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்பது அதன் சாரம். ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாய், அதற்குள் ஒரு குச்சி. வீட்டிலேயே மலத்தில் குச்சியைத் தொட்டு, குழாயை மூடி, லேபுக்கு அனுப்பிவிட வேண்டும். செலவு முழுக்க காப்பீட்டைச் சேர்ந்தது. 74 வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இந்த அழைப்பு தொடரும். புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக் குடியுரிமையோடு போய் அங்கே குடியேறிய தமிழர்களுக்கும் இதே கடிதம்தான்.

அவர்களுடைய உறவுக்காரர்கள் பலர் இங்கேதான் இருக்கிறார்கள். வில்லியனூர் கொம்யூனில் உறுவையாறு போன்ற ஊர்களில், பாகூர் பக்கத்து ஊர்களில். (கொம்யூன் என்ற சொல்லே பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போனதுதான்.) இவர்களுக்கு அப்படி ஒரு கடிதம் வருவதில்லை. அக்கரையில் இருக்கும் அண்ணனுக்குச் சோதனை, இக்கரையில் இருக்கும் தம்பிக்கு ஒன்றுமில்லை.

இது அநியாயம் என்றுதான் முதலில் தோன்றும். ஏழை நாடு, அலட்சிய அரசு என்று இரண்டு வரியில் முடித்துவிடலாம். ஆனால் இந்தச் சோதனையின் வரலாற்றைப் பார்த்தால் விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை. ஒரு சோதனை எவ்வளவு துல்லியமானது என்ற கேள்விக்கு அந்தக் குழாய்க்குள் மட்டும் விடை கிடைப்பதில்லை. யாருடைய மலம், அவர் என்ன சாப்பிட்டார், அவர் ஊரில் அந்த நோய் எத்தனை பேருக்கு இருக்கிறது என்பதையெல்லாம் பொறுத்து விடை மாறுகிறது.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். பெருங்குடலின் உள்சுவரில் சிறு சதை வளர்ச்சிகள் தோன்றுவதுண்டு. அவற்றில் சில, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக மாறுகின்றன. 2022ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 19 லட்சம் பேருக்குப் புதிதாக இந்த நோய் கண்டறியப்பட்டது. சுமார் 9 லட்சம் பேர் இறந்தார்கள். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் அறுவை சிகிச்சையால் பெரும்பாலும் குணமாகிற நோய் இது. சிக்கல் என்னவென்றால் ஆரம்பத்தில் வலி கிடையாது. கட்டியின் மேல் மலம் உரசிப் போகும்போது கொஞ்சம் ரத்தம் கசியும். அதுவும் தினமும் கசியாது. கண்ணுக்கும் தெரியாது. அந்தத் தெரியாத ரத்தத்தைத் தெரிய வைப்பது எப்படி என்பதில்தான் இந்தக் கதை தொடங்குகிறது.

கரீபியன் தீவுகளில் குவாயக்கம் என்றொரு மரம் உண்டு. அதன் பிசினை 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர்கள் மேகநோய்க்கு மருந்தாக இறக்குமதி செய்தார்கள். நோய் குணமானதோ இல்லையோ, வியாபாரம் நன்றாக நடந்தது. அந்தப் பிசினுக்கு வேறொரு குணமும் இருப்பதை 1864இல் ஹாலந்து நாட்டு உடலியல் அறிஞர் இசாக் வான் டேன் கண்டார். ரத்தம் பட்டால், சரியான துணைப்பொருள் சேர்ந்தால், அது நீலமாக மாறியது. ரத்தத்தில் உள்ள ஹீம் என்ற இரும்புச் சேர்மம் ஆக்சிஜனை இடம்மாற்றி விடுவதால் வரும் நிறம் அது. கொலை நடந்த இடத்தில் இருக்கும் கறை ரத்தமா, சாயமா என்று பார்க்கவும் இந்த முறை பயன்பட்டது.

இதை மருத்துவமனைக்குள் கொண்டுவந்து நிலைநிறுத்தியவர் பெர்லினில் இருந்த இஸ்மார் போவாஸ். வயிறு, குடல் நோய்களுக்கென்றே உலகில் முதல் மருத்துவ இதழை 1895இல் தொடங்கியவர். 1901இல் அவர், கண்ணுக்குத் தெரியாத ரத்தக் கசிவை மலத்தில் வேதிமுறையில் கண்டுபிடித்தால் வயிற்றுப் புண்ணையும் புற்றுநோயையும் அறிய உதவும் என்று எழுதினார். 'மறைந்த ரத்தம்' என்ற கருத்து மருத்துவத்தில் வேரூன்றியது அவரால்தான். போவாஸ் யூதர். நாஜிகளின் கெடுபிடி தாங்காமல் பெர்லினை விட்டு வியன்னாவுக்குப் போனார். 1938இல் நாஜிகள் அங்கேயும் வந்தபோது தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். இன்று உலகெங்கும் கோடிக்கணக்கில் நடக்கும் ஒரு சோதனையின் முன்னோடி அவர். அவர் பெயர் மருத்துவ மாணவர்களுக்கே அதிகம் தெரியாது.

போவாஸ் பார்த்தது நோயாளிகளை. வயிற்றுவலி, எடைக்குறைவு என்று ஏற்கெனவே ஏதோ ஒன்றோடு வந்தவர்களை. எந்தத் தொந்தரவும் இல்லாத ஆட்களை வரிசையாகச் சோதிப்பது, அதாவது இன்று நாம் ஸ்கிரீனிங் என்று சொல்வது, முற்றிலும் வேறு விவகாரம். அதற்குப் பிள்ளையார் சுழி போட்டவர் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து மருத்துவர் டேவிட் கிரீகர். 1967இல் அவர் செய்தது ரொம்ப எளிமையான காரியம். குவாயக்கம் ஏற்றிய காகிதத்தை அட்டையில் வைத்துத் தன்னிடம் வந்தவர்களின் கையில் கொடுத்தார். மூன்று நாள் வீட்டிலேயே மலத்தைத் தடவிக் கொண்டுவரச் சொன்னார். தொந்தரவு எதுவும் இல்லாதவர்களிடமே இப்படிப் புற்றுநோய் பிடிபட்டது. இந்த அட்டைதான் பிறகு 'ஹீமோக்கல்ட்' என்ற பெயரில் சந்தைக்கு வந்தது.

அட்டையைத் தடவுவது சுலபம். ஆனால் குவாயக்கத்துக்கு மனித ரத்தம் எது, மற்றது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. முந்தின நாள் சாப்பிட்ட ஆட்டுக்கறியின் ரத்தத்துக்கும் நீலமாகும். பச்சை முள்ளங்கி, காலிஃப்ளவர், டர்னிப் போன்றவற்றில் உள்ள பெராக்சிடேஸ் என்ற நொதிக்கும் நீலமாகும். (வேகவைத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். ஆகவே முள்ளங்கி சாம்பார் பிரியர்கள் பயப்பட வேண்டாம், பச்சடிதான் பிரச்சினை.) நேர்மாறாக, வைட்டமின் சி மாத்திரை நிறையச் சாப்பிட்டிருந்தால் உண்மையில் ரத்தம் இருந்தாலும் நிறம் வராமல் போய்விடும். எனவே சோதனைக்கு முன் சில நாள் பத்தியம் இருக்கச் சொன்னார்கள். பத்தியத்தை எத்தனை பேர் ஒழுங்காகக் கடைப்பிடித்திருப்பார்கள் என்பது அவரவர் யூகத்துக்கு.

1970களின் நடுவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு பெரிய பரீட்சை தொடங்கியது. 50 முதல் 80 வயது வரையிலான 46,551 பேர். சீட்டுக் குலுக்கிப் போடுவது போல மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஆண்டுதோறும் சோதனை, இன்னொன்றுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, மூன்றாவது குழுவுக்கு வழக்கமான வைத்தியம் மட்டும். 1993இல் 13 ஆண்டுக் கணக்கு வெளியானது. ஆண்டுதோறும் சோதித்த குழுவில் இந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் 1000 பேருக்கு 5.88. சோதிக்காத குழுவில் 8.83. மூன்றில் ஒரு பங்கு சாவு குறைந்தது என்று பத்திரிகைகள் எழுதின. 1000 பேரைச் சோதித்ததில் 13 ஆண்டில் மூன்று பேர் பிழைத்தார்கள் என்றும் அதையே சொல்லலாம். இரண்டுமே உண்மைதான். ஆனால் கேட்பவர் மனதில் விழும் படம் வேறு வேறு.

இந்த ஆய்வில் துல்லியம் பற்றிய ஒரு சுவையான விஷயம் ஒளிந்திருக்கிறது. தபாலில் வந்த அட்டைகள் காய்ந்துபோயிருந்தன. காய்ந்தால் சோதனையின் கூர்மை மழுங்கும். ஆகவே லேபில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு நனைத்துப் பிறகு சோதித்தார்கள். ஒரே ஒரு சொட்டு! நனைக்காதபோது 100 புற்றுநோயில் சுமார் 81ஐக் கண்டுபிடித்த அட்டை, நனைத்ததும் 92ஐக் கண்டுபிடித்தது. நல்லதுதானே என்றால், இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். 'ரத்தம் இருக்கிறது' என்று வந்த முடிவுகள் 2.4 சதவீதத்திலிருந்து 9.8 சதவீதமாக ஏறிவிட்டன. அப்படி முடிவு வந்தவர்களில் உண்மையாகவே புற்றுநோய் இருந்தவர்கள் 5.6 சதவீதத்திலிருந்து 2.2 சதவீதமாக இறங்கிவிட்டார்கள். அதாவது, நூறு பேரைப் பிடித்துக் கூண்டில் ஏற்றினால் 98 பேர் நிரபராதிகள்.

நிரபராதி என்று நிரூபிக்க என்ன செய்ய வேண்டும்? கொலனோஸ்கோப்பி. பேதி மருந்து குடித்துக் குடலை முழுக்கக் காலி செய்து, மலவாய் வழியாகக் கேமரா பொருத்திய குழாயை விட்டுப் பார்ப்பது. மினசோட்டாவில் ஆண்டுதோறும் சோதிக்கப்பட்ட குழுவில் நூற்றுக்கு 38 பேர் ஒருமுறையாவது கொலனோஸ்கோப்பிக்குப் போனார்கள். இதைப் பார்த்து 1994இல் சில ஆய்வாளர்கள் குறும்பாக ஒரு கேள்வி கேட்டார்கள். இத்தனை பேருக்குக் குழாய் விட்டுப் பார்த்தால், மலச் சோதனை இல்லாமல் சும்மா சீட்டுக் குலுக்கிப் போட்டுத் தேர்ந்தெடுத்திருந்தாலும் கொஞ்சம் புற்றுநோய் கிடைத்திருக்குமே? சாவு குறைந்ததில் எவ்வளவு பங்கு சோதனையுடையது, எவ்வளவு பங்கு தற்செயலுடையது? மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை தற்செயலாக இருக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. மினசோட்டாக்காரர்கள் பிறகு மறு கணக்குப் போட்டு அவ்வளவு இல்லை என்றார்கள். சண்டை சுவாரஸ்யமானது. முடிவு என்னவோ மற்ற ஆய்வுகளால்தான் தெளிந்தது. இங்கிலாந்தின் நாட்டிங்காமில் ஒன்றரை லட்சம் பேரிடமும், டென்மார்க்கின் ஃபுனென் தீவில் சுமார் 62,000 பேரிடமும் நனைக்காத அட்டையை வைத்துச் சோதித்தார்கள். 1996இல் இரண்டு முடிவுகளும் வந்தன. சாவு முறையே 15, 18 சதவீதம் குறைந்தது. பிரான்சின் பர்கண்டியில் சுமார் 91,000 பேரிடம் நடந்த ஆய்விலும் 16 சதவீதம். சோதனை வேலை செய்கிறது, ஆனால் மினசோட்டா சொன்ன அளவுக்கு இல்லை என்று ஆயிற்று.

சோதனையை எப்படிச் செய்கிறோம் என்பதிலும் விஷயம் இருக்கிறது. அமெரிக்காவில் பல மருத்துவர்கள் அட்டையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பாமல், கையுறை போட்ட விரலால் ஆசனவாயைச் சோதிக்கும்போது ஒட்டுவதை அட்டையில் தடவிப் பார்த்துவிட்டு 'உங்களுக்கு ஒன்றுமில்லை' என்று அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2005இல் வெளியான ஒரு ஆய்வு இந்த வழக்கத்தை அளந்து பார்த்தது. முற்றிய சதை வளர்ச்சிகளையும் புற்றுநோயையும் சேர்த்துக் கணக்கிட்டால், வீட்டில் மூன்று நாள் எடுத்த ஆறு சாம்பிள்கள் சுமார் 24 சதவீதத்தைப் பிடித்தன. விரலால் எடுத்த ஒற்றைச் சாம்பிள் பிடித்தது வெறும் 4.9 சதவீதம். இரண்டும் ஒரே அட்டை. இருபதில் பத்தொன்பது பேரைத் தவறவிடும் ஒன்றை நம்பி எத்தனை பேர் நிம்மதியாக வீடு போனார்களோ!

குவாயக்கத்தின் குருட்டுத்தனத்துக்கு மாற்று, எதிர்ப்புரதத்தைப் பயன்படுத்தும் சோதனை. ரத்தத்தில் உள்ள ஹீமோக்குளோபினின் குளோபின் என்ற புரதப் பகுதியை, அதுவும் மனித குளோபினை மட்டும் தேடிப் பிடிக்கும். ஆட்டுக்கறியோ முள்ளங்கியோ இதை ஏமாற்ற முடியாது. பத்தியமும் தேவையில்லை. இன்னொரு வசதியும் உண்டு. இரைப்பையிலோ சிறுகுடலிலோ ரத்தம் கசிந்தால், கீழே இறங்கி வருவதற்குள் குளோபின் செரித்துப் போய்விடும். ஆகவே இந்தச் சோதனை காட்டும் ரத்தம் பெரும்பாலும் பெருங்குடலிலிருந்து வந்ததாகவே இருக்கும். ஜப்பான் 1992இலேயே 40 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் நாடு முழுவதும் இதைக் கொண்டுவந்தது. பிரான்ஸ் பழைய அட்டையோடு நாடு தழுவிய திட்டத்தைத் தொடங்கி, 2015இல்தான் இதற்கு மாறியது. 2014இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வின்படி இந்தச் சோதனை புற்றுநோய் உள்ளவர்களில் 79 சதவீதத்தினரைக் கண்டுபிடிக்கிறது, இல்லாதவர்களில் 94 சதவீதத்தினரைச் சரியாக விலக்குகிறது.

புதிய சோதனை ஆம், இல்லை என்று மட்டும் சொல்வதில்லை. ஒரு கிராம் மலத்தில் எத்தனை மைக்ரோகிராம் ஹீமோக்குளோபின் என்று எண்ணாகவே கொடுக்கும். அப்படியென்றால் எந்த எண்ணுக்கு மேல் போனால் ஆபத்து என்று கோடு போட வேண்டும். அந்தக் கோட்டைப் போடுவது மருத்துவமா, நிர்வாகமா? நெதர்லாந்து 2014இல் 15 மைக்ரோகிராம் என்று தொடங்கியது. எதிர்பார்த்ததைவிட அதிகம் பேருக்கு ரத்தம் என்று வந்தது. கொலனோஸ்கோப்பி செய்ய ஆளும் நேரமும் போதவில்லை. ஆண்டு நடுவிலேயே கோட்டை 47க்கு உயர்த்தினார்கள். பிரான்ஸ் 30 வைத்தது. இங்கிலாந்து 2019இல் தொடங்கியபோது 120 வைத்தது. ஒரே மனிதர், ஒரே மலம், 60 மைக்ரோகிராம் ரத்தம். பாரிசில் இருந்தால் கொலனோஸ்கோப்பிக்குப் போ என்பார்கள். அதே மனிதர் அந்த ஆண்டில் லண்டனில் இருந்திருந்தால் 'நலமாக இருக்கிறீர்கள், இரண்டு ஆண்டு கழித்துப் பார்ப்போம்' என்று கடிதம் வந்திருக்கும். அறிவியல் சோதனையின் கோட்டை, ஊரில் எத்தனை கொலனோஸ்கோப்பி கருவி இருக்கிறது என்பது தீர்மானிக்கிறது.

சரி, இனி நம் ஊருக்கு வருவோம். ஒரு பேச்சுக்கு, பிரான்சில் 50 வயது தாண்டிய 10,000 பேரை எடுத்துக்கொள்வோம். அவர்களில் 40 பேருக்குத் தெரியாமல் நோய் இருக்கிறது என்று வைப்போம். 79 சதவீதம் என்றால் 32 பேரைச் சோதனை பிடிக்கும், 8 பேரை விட்டுவிடும். நோய் இல்லாத 9,960 பேரில் 6 சதவீதம், அதாவது சுமார் 600 பேருக்குத் தப்பாக மணியடிக்கும். மணியடித்த 20 பேரில் ஒருவருக்குப் புற்றுநோய். (மீதிப் பேரில் பலருக்கு முற்றிய சதை வளர்ச்சி இருக்கும், அதையும் அப்போதே எடுத்துவிடலாம் என்பது ஐரோப்பியக் கணக்கில் ஒரு பெரிய லாபம்.)

இப்போது அதே குழாயை வில்லியனூர் கொம்யூனுக்குக் கொண்டுவருவோம். நோய் பத்தில் ஒரு பங்குதான் என்று வைத்தால், 10,000 பேரில் 4 பேர். சோதனை 3 பேரைப் பிடிக்கும். தப்பாக மணியடிப்பது மட்டும் குறையாது, அதே 600 பேர். மணியடித்த 200 பேரில் ஒருவருக்கு நோய். சோதனையில் ஒரு மாற்றமும் இல்லை, ஊர்தான் மாறியிருக்கிறது. 3 பேருக்காக 600 பேர் வேலையை விட்டுவிட்டு, பேதி மருந்து குடித்து, ஜிப்மர் வரிசையில் நிற்க வேண்டும். அந்த வரிசையில் ஏற்கெனவே உண்மையான நோயாளிகள் நிற்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

பத்தில் ஒன்று என்பது உதாரணத்துக்குச் சொன்னது. ஆனால் இந்தியாவில் இந்த நோய் குறைவு என்பது உண்மைதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2014இல் வெளியிட்ட ஆவணத்தின்படி ஆண்களில் லட்சம் பேருக்கு ஆண்டுக்குப் பெருங்குடல் புற்றுநோய் 4.4, மலக்குடல் புற்றுநோய் 4.1. பிரான்சில் இது பல மடங்கு அதிகம்.

பழைய குவாயக்க அட்டையாக இருந்தால் இங்கே இன்னொரு வில்லனும் உண்டு, கொக்கிப்புழு. வெறுங்காலோடு வயலில் நடப்பவர்களின் தோல் வழியே நுழைந்து, சிறுகுடலில் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கும் புழு. தமிழர்களைக் கூட்டம் கூட்டமாக நிறுத்தி மலம் கேட்ட வரலாறே இந்தப் புழுவில்தான் தொடங்குகிறது. 1916இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளைக்காரர்கள் இலங்கையின் மாத்தளைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையை ஆரம்பித்தார்கள். சோதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து போன கூலித் தொழிலாளர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புழு இருந்தது. ஆள் நலமாக இருந்தால் தேயிலை அதிகம் பறிப்பான் என்பதும் துரைமார்கள் இதற்கு ஒத்துக்கொண்டதற்கு ஒரு காரணம். நூறு ஆண்டு கழித்து, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி திமிரி வட்டாரத்திலும் ஜவ்வாது மலையிலும் நடத்திய பெரிய ஆய்வின் தொடக்கத்தில்கூட ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் குடற்புழு இருந்தது, அநேகமாக எல்லாம் கொக்கிப்புழு. இப்படிப்பட்ட ஊரில் குவாயக்க அட்டையை நீட்டினால் அது புற்றுநோயைத் தேடப்போய்ப் புழுவைப் பிடித்துக்கொண்டு வரும். எதிர்ப்புரதச் சோதனை இந்த விஷயத்தில் எவ்வளவோ தேவலை.

அப்படியானால் ஏழை நாட்டுக் கிராமத்தில் புற்றுநோய் ஸ்கிரீனிங்கே வேலைக்கு ஆகாதா? ஆகும், அதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000 முதல் 2003 வரை கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்காக ஒரு சோதனை நடந்தது. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும் அம்பிளிக்கையில் உள்ள கிறித்தவ ஐக்கிய சமூக நல மையமும் சேர்ந்து செய்தவை. கருவி என்ன தெரியுமா? நீர்த்த அசிட்டிக் அமிலம், அதாவது கிட்டத்தட்ட வினிகர். கர்ப்பப்பை வாயில் தடவினால் கெட்ட இடம் வெளுக்கும். பயிற்சி பெற்ற செவிலியர்கள் கண்ணாலேயே பார்த்துச் சொன்னார்கள். 30 முதல் 59 வயது வரையிலான 31,343 பெண்கள் சோதித்துக்கொண்டார்கள். ஏறக்குறைய 10 சதவீதத்தினருக்கு மணியடித்தது. அவர்களில் கிட்டத்தட்ட அத்தனை பேரும் அடுத்த கட்டப் பரிசோதனைக்கு வந்தார்கள் என்பதுதான் இதில் அசர வைக்கும் விஷயம். 2007இல் முடிவு வெளியானபோது, அந்தப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் வரும் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தன.

துல்லியம் என்று பார்த்தால் வினிகர் ஒன்றும் பிரமாதமான சோதனை இல்லை. மனிதக் கண்ணை நம்பியது, தப்பு மணி நிறைய அடிக்கும். ஆனாலும் பலித்தது. இங்கே அந்த நோய் அதிகம். தப்பு மணியைச் சரிபார்ப்பது சுலபம். சிகிச்சையையும் பெரும்பாலும் ஊருக்குப் பக்கத்திலேயே கொடுத்துவிட முடிந்தது. இந்த மூன்றும் பெருங்குடலுக்கு இங்கே இல்லை. (ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சோதனை இல்லாமல் விடப்பட்ட பெண்களைப் பற்றிப் பின்னாளில் கடுமையான அறவியல் விவாதம் எழுந்தது. அது நியாயமான விவாதம், தனிக் கட்டுரைக்கு உரியது.) 2016இல் மத்திய அரசு கிராமங்கள் வரை கொண்டுபோகப் பட்டியலிட்ட புற்றுநோய் ஸ்கிரீனிங்கில் வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் என்று மூன்றுதான் இருந்தன. குடல் அதில் இல்லாதது மறதியால் அல்ல.

ஆனால் இதைப் படித்துவிட்டு, மலப் பரிசோதனை நமக்குத் தேவையில்லை என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. இதுவரை பேசியதெல்லாம் தொந்தரவே இல்லாதவர்களைப் பற்றி. தொந்தரவு இருப்பவர் கதையே வேறு.

நம் ஊர்ப் பக்கம் மலத்தில் ரத்தம் போனால் முதலில் வரும் சொல் மூலம். சுவரிலும் பஸ்ஸின் பின்புறத்திலும் 'மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்' என்ற விளம்பரத்தைப் பார்க்காதவர் இருக்க முடியாது. பெரும்பாலும் அது மூலமாகத்தான் இருக்கும். ஆனால் எல்லா நேரமும் அல்ல. சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு சிலர், லேகியம் சாப்பிட்டுக்கொண்டு சிலர் என்று மாதங்கள் ஓடிவிடுகின்றன.

இங்கிலாந்தில் இப்படி அறிகுறியோடு மருத்துவரிடம் வந்து, அவசரப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்ட 9,822 பேரிடம் இதே எதிர்ப்புரதச் சோதனையைச் செய்து பார்த்தார்கள். 2021இல் முடிவு வந்தது. கோட்டை 10 மைக்ரோகிராமுக்கு இறக்கி வைத்ததில் 91 சதவீதப் புற்றுநோய்கள் பிடிபட்டன. மணியடித்தவர்களில் ஆறு பேருக்கு ஒருவருக்கு உண்மையாகவே நோய் இருந்தது. நம் கணக்கில் 200 பேருக்கு ஒருவர் என்று வந்தது நினைவிருக்கும். ஆறுக்கு ஒன்று எங்கே, இருநூறுக்கு ஒன்று எங்கே! வந்து நின்ற ஆட்கள் வேறு, அவ்வளவுதான். ரத்தம் இல்லை என்று வந்தவர்களில் புற்றுநோய் இருந்தது 1000க்கு 4 பேருக்கு மட்டுமே. கொலனோஸ்கோப்பிக்கு யாரை முதலில் அனுப்புவது என்று முடிவு செய்ய இது எவ்வளவு உதவும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டுதல் 2023இல் இதையே முதல் படியாக ஆக்கிவிட்டது. (மலக்குடலில் கட்டி கைக்குத் தட்டுப்பட்டால் இந்தச் சோதனைக்குக் காத்திருக்கக் கூடாது என்பதும் அதோடு சேர்ந்தது.)

கொலனோஸ்கோப்பிக்கு வரிசை நீளமாக இருக்கும் இடத்தில்தான் இந்த யோசனைக்கு மதிப்பு அதிகம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு மருத்துவர், மூலம் என்று எழுதுவதற்கு முன் ஒரு குழாயைக் கொடுத்தனுப்ப முடிந்தால், 1901இல் போவாஸ் செய்ய நினைத்த வேலை அதுதான். நடுவில் வந்த ஸ்கிரீனிங் ஆரவாரத்தில் அது கொஞ்சம் பின்னுக்குப் போய்விட்டது.

வயது விஷயம் ஒன்று பாக்கி. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் 2013–14இல் வந்த 800 குடல் புற்றுநோயாளிகளின் விவரத்தை 2017இல் வெளியிட்டார்கள். சராசரி வயது 47. பிரான்சில் கடிதம் வருவதே 50இல் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் திடுக்கிடும். இதை வைத்து இந்தியர்களுக்கு இளம் வயதிலேயே இந்த நோய் தாக்குகிறது என்று உடனே எழுதிவிடுகிறார்கள். அப்படிச் சொல்லிவிட முடியாது. இந்தியாவின் மக்கள்தொகையே இளமையானது. ஐம்பதைத் தாண்டியவர்கள் குறைவாக இருக்கும் நாட்டில் எந்த நோய்க்கும் சராசரி வயது கீழேதான் வரும். பெரிய மருத்துவமனை வரை போக முடிகிறவர்களும் இளையவர்களாகவே இருப்பார்கள். ஆனால் காரணம் எதுவாக இருந்தாலும், பிரான்சிலிருந்து அந்தக் கடிதத்தை அப்படியே பிரதி எடுத்து உறுவையாற்றில் 50 வயதானவர்களுக்கு விநியோகித்தால், 45 வயதில் ரத்தம் போய்க்கொண்டிருக்கும் ஆளுக்கு அது கிடைக்கப் போவதில்லை. பிரான்சிலேயே அந்தக் கடிதம் கிடைத்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான் குழாயைத் திருப்பி அனுப்புகிறார்கள்.